சின்ன பட்டன்

இது நடந்தது. பகலில் நடந்தது. பாத்ரூம் ஜன்னல் வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தபோது நடந்தது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி விஷயம் சொல்கிறவர்கள் வீட்டிலெல்லாம் சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகும், மழை கொட்டும், தெருவில் நாய் ஊளையிடும். எங்கள் வீட்டில் கரண்ட் இருந்தது. மழை இல்லை. நாய் எதுவும் வாயைத் திறக்கவில்லை. நான் வேதியியல் படித்தவள். ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒன்று நடந்தது என்று சொல்வதற்கு முன், அது வேறு எப்படியெல்லாம் நடந்திருக்க முடியும் என்று பார்த்துவிடுவது பழக்கமாகிவிட்டது. அப்படிப் பார்த்தேன். மிச்சம் நின்றதைத்தான் எழுதுகிறேன்.

என் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரையில் ஓரளவு கட்டுப்பட்டிருந்தது. ஆனாலும் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் வீட்டில் ஒரு சட்டம். அக்கா பாத்ரூமுக்குள் போனால் தாழ்ப்பாள் போடக் கூடாது. வெளியே யாராவது நாற்காலி போட்டு உட்கார வேண்டும். பெரும்பாலும் அது அம்மா.

அக்காவுக்கு முப்பது வயது. நிமிஷத்துக்கு ஒரு தடவை "இருக்கியாடி?" என்று கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? "நான் பாத்ரூம்ல இருக்கேனா, பரீட்சை ஹால்ல இருக்கேனா?" என்று உள்ளேயிருந்து கத்துவாள். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

எங்கள் பாத்ரூமில் ஃப்ளஷ் டேங்க் வெளியே தெரியாது. சுவருக்குள் புதைத்து வைத்தது. வெளியே ஒரு வெள்ளைப் பிளேட், அதில் இரண்டு பட்டன். பெரியது, சின்னது. அவ்வளவுதான் தெரியும். அக்கா அவ்வப்போது சின்ன பட்டனை ஒரு தடவை அழுத்துவாள்.

ச்ளக்... ஷ்ஷ்ஷ்ஷ்.

அதற்கு அர்த்தம், 'நான் நல்லாத்தான் இருக்கேன், உன் வேலையைப் பாரு.'

அம்மா வெளியே காய் நறுக்கிக்கொண்டே கதவோடு பேசுவாள். "இன்னிக்கு என்னடி பண்ணட்டும்? கோஸ்னா ஒரு தடவை, உருளைக்கிழங்குன்னா ரெண்டு தடவை." எப்போதும் இரண்டு தடவைதான் வரும். அக்காவுக்குக் கோஸ் வாசனையே ஆகாது. "தண்ணியெல்லாம் இவங்க பேச்சுக்கே தீர்ந்துடும் போல" என்று அப்பா முனகுவார்.

அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்துக்கு அக்கா உள்ளே போனாள். நான் சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தேன். அம்மா காயும் கத்தியும் எடுத்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டு மணி ஆகப் போகும்போது அப்பா ஷேவ் பண்ணுவதற்காக வந்தார். "இன்னுமா வரல?" என்று கேட்டார். "வந்துடுவா, இப்பக்கூட அழுத்தினாளே" என்றாள் அம்மா.

அப்பா கதவைத் தள்ளினார். கதவு முழுசாகத் திறக்கவில்லை. அக்கா கதவுக்குப் பக்கத்திலேயே குப்புறக் கிடந்தாள். கையில் பிரஷ். பிரஷ்ஷில் வைத்த பேஸ்ட் அப்படியே இருந்தது. பல்லில் படவே இல்லை. தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

உள்ளே போனதும் விழுந்திருக்கிறாள். விழுந்ததும் போயிருக்கிறாள். டாக்டரும் அதைத்தான் சொன்னார்.

"அப்ப நாப்பது நிமிஷமா பட்டனை அழுத்தினது யாரு?" என்றார் அப்பா, எல்லார் எதிரிலும். பிறகு அவரே பதிலும் சொன்னார். "நீ தூங்கிட்ட."

"தூங்கல. கேட்டுச்சு. அஞ்சாறு தடவை கேட்டுச்சு. கோஸா உருளையான்னு கேட்டேன். ஒரு தடவை அழுத்தினா..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். கோஸ் என்று வந்திருக்கிறது. அது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

வந்த சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் அப்பா அதையே சொன்னார். திட்டிச் சொல்லவில்லை. பரிதாபப்பட்டுச் சொன்னார். "பாவம், வேலை அலுப்பு, கண்ணசந்துட்டா." திட்டியிருந்தால் அம்மா திருப்பிச் சண்டை போட்டிருப்பாள். பரிதாபத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

ஒரு மாதத்தில் அம்மா பாதியாகிவிட்டாள். அந்தக் கதவைத் தாண்டிப் போக முடியவில்லை. சித்தி வந்து தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஆட்டோவில் ஏறும் முன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லு. நான் தூங்கிட்டேனா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் பதிலைக் கண்டுபிடிக்க ஒரு வழி தெரிந்தது.

ஃப்ளஷ் டேங்குக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது தேய்ந்துபோனால் யாரும் அழுத்தாமலே தண்ணீர் கசியும். மட்டம் இறங்கும். உடனே டேங்க் தானாக நிரம்பும். அந்தச் சத்தம் கிட்டத்தட்ட சின்ன பட்டன் சத்தம் போலவே இருக்கும். அப்படியானால் அம்மா தூங்கவில்லை. கேட்ட சத்தம் நிஜம். ஒரு ரப்பர் வளையம் அவளை ஏமாற்றிவிட்டது, அவ்வளவுதான். எனக்கு வேண்டியதெல்லாம் அந்தத் தேய்ந்த ரப்பர். அதை ஒரு கவரில் போட்டு அம்மா கையில் கொடுக்க வேண்டும். அப்பா கையிலும்.

பிளம்பரைக் கூப்பிட்டேன். எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் வாஷர் அண்ணன். எந்தக் குழாயைக் காட்டினாலும் "வாஷர்தாம்மா" என்பார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வந்தார். அப்பா ஆபீசில் இருந்தார்.

"இந்தப் பிளேட்டை லேசா மேல தள்ளி இழுத்தா கையோட வந்துடும் தங்கச்சி. சுவரை உடைக்கவே வேண்டாம். இந்த ஓட்டை வழியாவே உள்ள எல்லா வேலையும் பார்க்கலாம்." சொல்லிக்கொண்டே தள்ளினார். வரவில்லை. குனிந்து பார்த்தார். "எந்தப் புண்ணியவான் பண்ணின வேலை இது? நாலு பக்கமும் வெள்ளை சிமெண்ட் வச்சுப் பூசியிருக்கான். பட்டன் அசையறதே பெரிய விஷயம்."

"டைல்ஸ் ஒட்டினவங்க தெரியாம பூசியிருப்பாங்களா?"

"தெரியாம ஒரு பக்கம் பூசலாம். நாலு பக்கமுமா?"

பிளேடால் சுரண்டி எடுக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. பிளேட் கழன்றது. பின்னால் இரண்டு பிளாஸ்டிக் குச்சிகள், பட்டனிலிருந்து உள்ளே போவது. அதற்கும் பின்னால் ஒரு தடுப்பு. அதையும் எடுத்தார். ஒரு புத்தகம் அளவுக்கு ஓட்டை. உள்ளே இருட்டு. ஈர வாசனை.

அவர் கை மணிக்கட்டுவரைதான் போனது. "எனக்குப் போகாது. சாப்பிட்டு வளர்த்த கை. நீங்க விடுங்க. இடது பக்கம் ஒரு குட்டித் திருகு இருக்கும், தண்ணியை அடைக்கிறது. ஆனா இப்ப அடைக்க வேண்டாம். இருக்கான்னு மட்டும் பாருங்க."

முழங்கைவரை விட்டேன். இருந்தது. தண்ணீர் சில்லென்று இருந்தது.

பரிசோதனைக் கூடத்திலிருந்து கொஞ்சம் நீலச் சாயம் எடுத்து வந்திருந்தேன். டேங்கில் ஊற்றினேன். ரப்பர் கசிந்தால் டாய்லெட் கோப்பைக்குள் நீலம் இறங்கும். வெள்ளைக் காகிதத்தைக் கோப்பையின் உள்பக்கம் ஒட்டிவிட்டுக் காத்திருந்தோம். வாஷர் அண்ணன் தன் மச்சான் கல்யாணத்தில் மாப்பிள்ளை பைப்படியில் வழுக்கி விழுந்த கதையைச் சொன்னார். நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீலம் வரவில்லை.

இன்னும் பதினைந்து நிமிஷம். வரவில்லை.

"தண்ணியை அடைச்சுட்டு எல்லாத்தையும் வெளிய எடுங்கண்ணா."

எடுத்தோம். டேங்கைக் காலி பண்ணி, ஒவ்வொரு பாகமாக அந்த ஓட்டை வழியாக வெளியே கொண்டுவந்து, தரையில் விரித்த செய்தித்தாள் மேல் வைத்தோம். அவர் ரப்பர் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்து வளைத்துப் பார்த்தார்.

"புதுசு மாதிரி இருக்கு. என் சர்வீஸ்ல முதல் தடவையா வாஷர் நல்லா இருக்கு தங்கச்சி."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

ரப்பர் நன்றாக இருக்கிறது என்றால், அம்மா தூங்கியிருக்கிறாள்.

இன்னும் ஒரே ஒரு வழிதான் பாக்கி. மாடி வீட்டுக் குழாய். அங்கே ஃப்ளஷ் பண்ணும் சத்தம் சுவர் வழியாக இறங்கி, எங்கள் டேங்க் சத்தம் போல அம்மாவுக்குக் கேட்டிருக்கலாம். வாஷர் அண்ணன் மாடிக்குப் போனார். நான் பாத்ரூம் கதவைச் சாத்தினேன். வெளியே அம்மா உட்காரும் அதே இடத்தில், அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். போன் காதில்.

மணி நாலு இருபது.

"அழுத்தறேன்... கேக்குதா?"

சுவருக்குள் தடதடவென்று ஏதோ இறங்கியது. கல் உருளுகிற மாதிரி. கொஞ்சம்கூட ஒப்பில்லை.

"இல்லண்ணா. இது வேற சத்தம்."

"சின்னதை அழுத்தறேன்..."

அதே தடதட. கொஞ்சம் குறைவாக.

"இல்ல. விட்டுடுங்க. வந்துடுங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

ச்ளக்... ஷ்ஷ்ஷ்ஷ்.

"இதான்! இதான் அண்ணா! இப்ப எதை அழுத்தினீங்க?"

"நான் எதையும் அழுத்தலையே. படிக்கட்டுல நிக்கறேன்."

கதவைப் பார்த்தேன். சாத்திய கதவு. அதற்குப் பின்னால் காலி டேங்க். பாகங்கள் எல்லாம் தரையில். தண்ணீர் அடைத்திருக்கிறது. நானே என் கையால் அடைத்தேன்.

வார்த்தை தானாக வந்தது.

"அக்கா?"

ச்ளக்... ஷ்ஷ்ஷ்ஷ்.

உடனே வந்தது. கேட்டு முடிக்குமுன்.

பழக்கதோஷம்தான் போல. சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பேசாமல் இருந்தேன். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஒன்றும் இல்லை.

"நல்லா இருக்கியா?"

ச்ளக்... ஷ்ஷ்ஷ்ஷ்.

"வலிக்குதா?"

ச்ளக்... ஷ்ஷ்ஷ்ஷ்.

"நீ எங்க அக்காதானே?"

ச்ளக்... ஷ்ஷ்ஷ்ஷ்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சந்தோஷமாக இருந்தேன். மறைக்கவில்லை.

பிறகு கேட்டேன்.

"நீ எங்க அக்கா இல்லையா?"

ச்ளக்... ஷ்ஷ்ஷ்ஷ்.

அதே சத்தம். அதே நீளம். அதே அவசரம்.

எந்தத் திரவத்தை வைத்தாலும் ஒரே எண்ணைக் காட்டுகிற கருவி, எதையும் அளக்கவில்லை. எங்கள் வேலையில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் அது. அது பதில் சொல்லவில்லை. யாராவது கேட்டால் என்ன சத்தம் போட வேண்டும் என்று... கற்று வைத்திருக்கிறது.

எழுந்தேன். கதவைத் தள்ளினேன்.

வெயில் டைல்ஸ் மேல் விழுந்துகொண்டிருந்தது. பாகங்கள் செய்தித்தாள் மேல் வைத்தது வைத்தபடி. கோப்பைத் தண்ணீர் அசையவில்லை.

சுவரில் அந்த ஓட்டை.

கிட்டே போனேன்.

"யாரு?"

ச்ளக்...

மிக அருகில்.

ஷ்ஷ்ஷ்ஷ்...

தண்ணீர் இல்லை அது.

நாக்கு. மேல் அண்ணத்தில் தட்டிய நாக்கு. பல் இடுக்கில் விட்ட காற்று.

யாரோ... வாயால்... செய்கிற சத்தம்.

முடித்ததும் மூச்சை உள்ளே இழுத்தது.

என் நெற்றி முடி அந்த ஓட்டைப் பக்கமாக... அசைந்தது.

போன் இன்னும் கையில் இருந்தது. வாஷர் அண்ணன் குரல், கிசுகிசுப்பாக.

"தங்கச்சி... பக்கத்துல யாரும்மா?"

நான் எப்படி வெளியே வந்தேன் என்று ஞாபகம் இல்லை. வாசலில் அவர் நின்றிருந்தார். பையைக்கூட எடுக்க உள்ளே வரவில்லை. "வாஷர் இல்லம்மா இது" என்றார். அதோடு போய்விட்டார்.

அந்த வெள்ளை சிமெண்ட் மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை. அதை யார் பூசியது? எங்களுக்கு வீட்டை விற்றவர் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். தையல் டீச்சர். மறுநாள் போனேன். மிஷினில் உட்கார்ந்து ஒரு சட்டைக் காலரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்ரூம் ஃப்ளஷ் பிளேட்டைச் சுத்தி சிமெண்ட் பூசியிருக்கு. அது யாரு..."

மிஷின் நின்றது.

"நான்தான். எங்க வீட்டுக்காரர் போன மறுநாள். என் கையாலயே பூசினேன்."

அவர் கணவர் இருதய நோயாளி. உள்ளே போனால் இருமிக் காட்டுவாராம். இருமினால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். அன்றைக்கு ஒரு மணி நேரம் இருமல் கேட்டிருக்கிறது. இவரும் வெளியே நின்று, "துணி காய வச்சுட்டேன், சீக்கிரம் வாங்க" என்று பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"உடம்பு விறைச்சுப் போயிருந்துச்சும்மா. அவரைத் தூக்கிட்டுப் போன பிறகும் இருமல் கேட்டுச்சு. அந்தப் பிளேட்டுக்குப் பின்னாலருந்து."

இருமல்.

அங்கே பட்டன் சத்தம் இல்லை. இருமல்.

டீச்சர் என் முகத்தையே பார்த்தார். பிறகு அவர் முகம் மாறியது.

"ஏம்மா... அப்பா உங்ககிட்ட சொல்லலையா? வீடு பார்க்க வந்த அன்னிக்கே சொன்னேனே. அந்த பாத்ரூம்ல யாராவது இருக்கும்போது என்ன சத்தம் கேட்டாலும் நம்பாதீங்க, கதவைத் திறந்து கண்ணால பாருங்கன்னு. அக்காவுக்கு உடம்பு சரியில்லன்னு அவர் சொன்னதாலதானே சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேனேம்மா."

வீட்டுக்கு வந்தேன். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

அவர் சத்தத்தைக் குறைத்தார். திரும்பவில்லை.

"அதெல்லாம் நம்பற விஷயமா?"

"நம்ப வேண்டாம். சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உங்க அம்மா வந்திருப்பாளா இந்த வீட்டுக்கு?"

"அன்னிக்குக் காலையிலயே உங்களுக்குத் தெரியும். அம்மா தூங்கலன்னு."

அவர் ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

"தெரிஞ்சும் எல்லார்கிட்டயும்..."

டிவி சத்தம் மறுபடி ஏறியது. அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் கிட்டே போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். 'அம்மா, நீ தூங்கல. உனக்குக் கேட்டது நிஜம். எனக்கும் கேட்டுது.' இரண்டே வரி. இதற்காகத்தானே எல்லாம் செய்தேன்?

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். எலும்பு தெரிந்தது.

"பிளம்பர் வந்தானாமே? சித்தி சொன்னா. திறந்து பார்த்தீங்களா?"

"பார்த்தோம்மா."

"என்னடி இருந்துச்சு?"

வாயைத் திறந்தேன். அப்போதுதான் அம்மாவின் அடுத்த கேள்வி எனக்குத் தெரிந்தது. நான் தூங்கவில்லை என்றால், என் பிள்ளை கதவுக்கு அந்தப் பக்கம் செத்துக் கிடக்க, நாற்பது நிமிஷம் நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்? அவள் நிச்சயம் கேட்பாள். அன்று காலை அம்மா அதனோடு பேசினாள். சமையல் கேட்டாள். சிரித்துக்கூட இருப்பாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. யாரிடமும் இருக்காது.

"சொல்லுடி. நான் தூங்கிட்டேனா?"

"ஆமாம்மா" என்றேன். "அலுப்புல கண்ணசந்துட்ட. எல்லாம் கனவுல கேட்டிருக்கு."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தலையை ஆட்டினாள். "சரி" என்றாள். என் கையை விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் அதைக் கேட்கவே இல்லை. அழுவதும் இல்லை. சித்திதான் போன் பண்ணிச் சொன்னாள். ராத்திரி எந்நேரம் எழுந்து பார்த்தாலும் அம்மா சுவரில் சாயாமல், முதுகை நிமிர்த்தி, கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம்.

படுக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறாளாம்.